லோடு பிரிக்க க்வாண்டம் வழிக் கணக்கு: சாதாரண லேப்டாப்பில் செய்வது எப்படி

க்வாண்டம் என்று சொன்னாலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய பெட்டி, கடுங்குளிர், கோடிக்கணக்கில் செலவு, நமக்கெதற்கு அது என்று. இங்கே சொல்லப்போகும் முறைக்கு அதெல்லாம் தேவையில்லை. க்வாண்டம் கணினிக்காக யோசித்த வழியை நம் வீட்டு லேப்டாப்பில் ஓட்டுவதுதான் இது. பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் முதல் பாதியைப் பேப்பர் பேனாவிலேயே செய்துவிடலாம்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினி வேலை பார்க்கிறேன். பெங்களூரா காய் வரத்து உச்சத்தில் இருக்கும் நாட்களில் எந்தத் தோப்புக் காய் எந்த வண்டியில் ஏறணும் என்று பிரிப்பது என் பொறுப்பு. அதனால் உதாரணமெல்லாம் மாங்காயாகவே இருக்கும். உங்களுடையது பாலக்கோடு தக்காளியாகவோ, ஓசூர் ரோஜாவாகவோ, பள்ளிக்கூட டைம்டேபிளாகவோ இருந்தாலும் செய்முறை ஒன்றுதான்.

முதலில் உங்கள் கணக்கு இந்த வகையா என்று பாருங்கள். அடையாளம் சுலபம். ஒவ்வொரு முடிவும் "ஆமா, இல்லை" என்று இருக்கணும். ஒரு முடிவு இன்னொன்றைப் பாதிக்கணும். எல்லா வழியையும் போட்டுப் பார்க்க நேரம் போதாத அளவுக்கு வழிகள் இருக்கணும். 12 ஊரை எந்த வரிசையில் சுற்றுவது என்பதற்கே 47 கோடியே 90 லட்சம் வரிசைகள் உண்டு. ஆனால் வரிசைதான் உங்கள் ஒரே பிரச்சினை என்றால் இந்த வழிக்கு வராதீர்கள். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் இலவசம், வழித்தடக் கணக்கில் அது பழுத்த கருவி. இந்த முறையில் 20 ஊருக்கு வரிசை போட 400 மாறிகள் தேவைப்படும். எதை எதோடு சேர்ப்பது, எதை எங்கே ஒதுக்குவது என்ற பங்கீட்டுக் கணக்குகளில்தான் இது பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

நாலு லோடு, ரெண்டு வண்டி

இந்த வழியில் எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே வடிவத்துக்கு வந்து நிற்கும். அதற்கு க்யூபோ என்று பெயர். 0 அல்லது 1 ஆக இருக்கும் மாறிகள், ஒவ்வொரு மாறிக்கும் ஒரு எண், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எண். 1 ஆக இருக்கும் மாறிகளின் எண்களையும், ரெண்டுமே 1 ஆக இருக்கும் ஜோடிகளின் எண்களையும் கூட்டினால் வருவது செலவு. அந்தச் செலவை முடிந்தவரை குறைக்கணும். அவ்வளவுதான்.

பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தூரில் 3 டன், போச்சம்பள்ளியில் 5 டன், பர்கூரில் 4 டன், வேப்பனப்பள்ளியில் 2 டன் காய் இருக்கிறது. மொத்தம் 14 டன். ரெண்டு வண்டிக்கும் ஆளுக்கு 7 டன் என்று சமமாகப் பிரிக்கணும். ஒரு ஊரின் காய் முதல் வண்டியில் ஏறினால் அந்த ஊரின் மாறி 1, ரெண்டாவதில் ஏறினால் 0.

முதல் வண்டியின் எடையிலிருந்து 7-ஐக் கழித்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள். சமமாக இருந்தால் 0, எந்தப் பக்கம் விலகினாலும் எண் ஏறும். இதை விரித்து எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: 0-வை வர்க்கப்படுத்தினாலும் 0, 1-ஐ வர்க்கப்படுத்தினாலும் 1. அதனால் ஒவ்வொரு ஊருக்கும் தனி எண், எடையின் வர்க்கத்திலிருந்து எடையின் 14 மடங்கைக் கழித்தது. சந்தூருக்கு 9 − 42 = −33. போச்சம்பள்ளிக்கு −45, பர்கூருக்கு −40, வேப்பனப்பள்ளிக்கு −24. ஜோடி எண், ரெண்டு எடைகளின் பெருக்கலுக்கு இரட்டிப்பு. சந்தூர், போச்சம்பள்ளி 30. சந்தூர், பர்கூர் 24. சந்தூர், வேப்பனப்பள்ளி 12. போச்சம்பள்ளி, பர்கூர் 40. போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி 20. பர்கூர், வேப்பனப்பள்ளி 16. கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக 49-ஐக் கூட்டிக்கொள்ளணும்.

சரி பாருங்கள். சந்தூரும் பர்கூரும் முதல் வண்டியில்: −33 − 40 + 24 + 49 = 0. கச்சிதம். போச்சம்பள்ளியும் பர்கூரும் என்றால் −45 − 40 + 40 + 49 = 4. 9 டன் ஏறியிருக்கிறது, 2 டன் விலகல், வர்க்கம் 4. கணக்கு ஒத்துப்போகிறது. மொத்தமே 16 வழிகள்தான், எல்லாவற்றையும் கையாலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தப் பயிற்சியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பேன். இங்கே கை பழகிவிட்டால் மீதி எல்லாம் இதன் பெரிய உருவம்தான்.

இப்போது இந்த விடையை ஊர் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு வண்டிக்குச் சந்தூர், பர்கூர். இன்னொன்றுக்குப் போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி. எடை சமம்தான், ஆனால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சந்தூரும் போச்சம்பள்ளியும் ஒரே பக்கம். வேப்பனப்பள்ளி வடக்கே, நேர் எதிர்த் திசை. இந்த அறிவு நம் சூத்திரத்தில் இல்லை. அதையும் சேர்க்கணும்.

சந்தூரும் போச்சம்பள்ளியும் வெவ்வேறு வண்டிக்குப் போனால் 2 என்று ஒரு செலவு வைப்போம். இதை எழுதும் விதம்: ரெண்டு ஊர்களின் தனி எண்ணிலும் 2-ஐக் கூட்டுங்கள், ஜோடி எண்ணில் 4-ஐக் கழியுங்கள். சந்தூர் −31, போச்சம்பள்ளி −43, ஜோடி 26 ஆகிறது. பழைய விடையின் செலவு இப்போது −31 − 40 + 24 + 49 = 2. சந்தூரையும் போச்சம்பள்ளியையும் சேர்த்து ஏற்றினால் −31 − 43 + 26 + 49 = 1. ஒரு வண்டியில் 8 டன், இன்னொன்றில் 6 டன். விடை மாறிவிட்டது. வண்டி ஓட்டுகிறவர் கையால் பிரித்தாலும் இப்படித்தான் பிரிப்பார்.

அந்த 2 எங்கிருந்து வந்தது? அங்கேதான் வேலையின் உயிரே இருக்கிறது. 1 வைத்திருந்தால் ரெண்டு விடைகளும் சரிக்குச் சரி வந்திருக்கும். 10 வைத்தால் எடைச் சமன் கெட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிடும். ஒரு டன் ஏறுமாறாக இருப்பது பெரிய தொந்தரவா, இருபது கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவது பெரிய தொந்தரவா என்று டீசல் கணக்குப் பார்க்கிறவரிடமும், லோடு இறக்குகிறவரிடமும் கேளுங்கள். அந்தப் பதில்தான் எண்ணாக மாறணும். எவ்வளவு வேகமான இயந்திரம் வைத்திருந்தாலும் இந்தப் பதிலை அது தராது.

விதிகளை எண்ணாக்குவது

வண்டி ரெண்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாறி வேண்டும். 40 லோடு, 9 வண்டி என்றால் 360 மாறிகள். ஒரு லோடு ஒரே வண்டியில்தான் ஏறணும் என்ற விதியை இப்படி எழுதுவோம்: அந்த லோடின் 9 மாறிகளையும் கூட்டி, 1-ஐக் கழித்து, வர்க்கம். விரித்தால் ஒவ்வொரு மாறிக்கும் −1, ஒவ்வொரு ஜோடிக்கும் +2, பொதுவாக +1. இதை ஒரு அபராத எண்ணால் பெருக்கி மொத்தச் செலவில் சேர்க்கணும்.

அபராதம் குறைவாக இருந்தால் கணினி விதியை மீறிவிடும். தூரத்து லோடை எந்த வண்டியிலும் ஏற்றாமல் விட்டுவிட்டு, செலவு குறைந்துவிட்டது என்று விடை தரும். ஒரு விதியை மீறினால் அதிகபட்சம் எவ்வளவு மிச்சமாகும் என்று பாருங்கள், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். தூரத்து லோடின் செலவு 30 என்றால் 35, 40-ல் ஆரம்பிக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று 1000 போடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டியின் கொள்ளளவு வேறு மாதிரி. "10 டன்னுக்குள்" என்றால் 8 டன்னும் சரி, 10 டன்னும் சரி. வர்க்கம் போட்டால் 8-க்கும் அபராதம் விழும். அதனால் காலி இடத்தைக் குறிக்க 1, 2, 4, 3 என்ற மதிப்புள்ள நாலு துணை மாறிகளைச் சேர்க்கிறோம். இவற்றைக் கொண்டு 0 முதல் 10 வரை எந்த எண்ணையும் உண்டாக்கலாம். லோடு எடையும் காலி இடமும் சேர்ந்து 10 வரணும் என்று விதியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அரை டன் கணக்கில் எழுதினால் கொள்ளளவு 20, துணை மாறிகள் 1, 2, 4, 8, 5. எடைமேடைச் சீட்டில் கிலோவில் இருக்கிறதே என்று கிலோவிலேயே எழுதினால் ஒரு வண்டிக்கு 14 துணை மாறிகள் ஆகிவிடும், ஜோடி எண்களும் கோடியைத் தாண்டும். அவ்வளவு பெரிய எண்களுக்கு நடுவே தூரச் செலவு காணாமல் போய்விடும். அரை டன்னுக்கு மேல் நுணுக்கம் நம் வேலைக்கு வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் அபராதமாக எழுதவும் கூடாது. எங்கள் ஆலையில் லோடு பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை வைத்து வரி வரியாகப் பார்ப்பார். வேப்பனப்பள்ளித் தோப்பு ஒன்றின் மேல் விரல் நின்றது. "ஏம்மா, இந்தத் தோப்புக்கு ஈச்சர் போனா திரும்பாது. கல்லுகட்டு ரெண்டு பக்கமும் இருக்குது. டாடா ஏஸ்தான் போவும்" என்றார். இந்த மாதிரி விதி கிடைத்தால் அந்தத் தோப்புக்கும் ஈச்சருக்கும் உள்ள மாறியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நடக்கவே முடியாததை அபராதம் போட்டுத் தடுப்பதைவிட, அந்த வழியே இல்லாமல் செய்வது எவ்வளவோ மேல். மாறிகள் குறையும், கணக்கும் லேசாகும். அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் இப்படி எத்தனையோ மாறிகள் உதிர்ந்துவிடும். கணினியைத் தொடுவதற்கு முன் அந்த அரை மணி நேரத்தைச் செலவழியுங்கள்.

ஓட்டுவது

பைத்தானில் டி-வேவ் நிறுவனத்தின் ஓஷன் தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அவர்களுடைய க்வாண்டம் இயந்திரத்தோடு இணைக்காமலே, உங்கள் லேப்டாப்பில் ஓடும் கருவிகள் அதில் இருக்கின்றன. தனி எண்களை ஒரு அகராதியிலும் (பைத்தானின் டிக்ஷனரி) ஜோடி எண்களை இன்னொரு அகராதியிலும் போட்டு, பொது எண்ணான 49-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் போதும். முதலில் நம் நாலு ஊர்க் கணக்கைக் கொடுத்து, எல்லா வழியையும் சோதிக்கும் கருவியால் ஓட்டுங்கள். பேப்பரில் வந்த 1 அங்கேயும் வரணும். 20 மாறிகள் வரை, அதாவது பத்து லட்சத்துச் சொச்சம் வழிகள் வரை, இப்படி முழுசாகச் சோதிக்கலாம். அதன்பிறகு சிமுலேட்டட் அனீலிங்குக்குப் போங்கள்.

இந்த முறையை ஐபிஎம்-மில் இருந்த கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெச்சி மூவரும் 1983-ல் வெளியிட்டார்கள். கேழ்வரகு மூட்டை கட்டும்போது முதலில் தூக்கித் தூக்கிப் போட்டுக் குலுக்குவார்கள், வாய் கட்டும் நேரத்தில் லேசாகத் தட்டுவார்கள், தானியம் இடைவெளி இல்லாமல் படிந்துவிடும். அதே காரியம்தான். கணினி ஏதோ ஒரு விடையில் ஆரம்பித்து, ஒரு மாறியைத் திருப்பிப் பார்க்கும். செலவு குறைந்தால் ஏற்றுக்கொள்ளும். கூடினாலும் சில நேரம் ஏற்றுக்கொள்ளும். அது எவ்வளவு சுலபமாக ஏற்கும் என்பதற்குப் பெயர் வெப்பம். செலவு 4 கூடும் மாற்றத்தை, வெப்பம் 10 இருக்கும்போது நூற்றுக்கு 67 தடவை ஏற்கும். வெப்பம் 1-க்கு இறங்கிவிட்டால் நூற்றுக்கு 2 தடவைகூட ஏற்காது. தொடக்க வெப்பம் உங்கள் பெரிய செலவு மாற்றத்தின் அளவுக்கு இருக்கணும், முடிவு வெப்பம் சின்ன மாற்றத்துக்கும் கீழே போகணும். ஓஷன் கருவி இதைத் தானே கணித்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்க வேண்டியது ரெண்டு எண்கள்: ஒரு ஓட்டத்தில் எல்லா மாறிகளையும் எத்தனை சுற்று திருப்பிப் பார்க்கணும், மொத்தம் எத்தனை ஓட்டம் ஓட்டணும். 1,000 சுற்று, 100 ஓட்டம் என்று ஆரம்பியுங்கள். குறைந்த செலவு விடை ஒரே ஒரு ஓட்டத்தில் மட்டும் வந்திருந்தால் சுற்றைக் கூட்டுங்கள். பல ஓட்டங்களில் அதே விடை திரும்பத் திரும்ப வந்தால் ஓரளவு நம்பலாம்.

இப்போது அந்த 1000 அபராதத்துக்கு வருவோம். ஒரு லோடை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ரெண்டு மாறிகளைத் திருப்பணும். முதலாவதைத் திருப்பியதும் அந்த லோடு எந்த வண்டியிலும் இல்லாத நிலை வருகிறது, அபராதம் விழுகிறது. அபராதம் 40, வெப்பம் 4 என்றால் இந்த அடியை லட்சத்துக்கு 4, 5 தடவைதான் ஏற்கும். 1000 என்றால் ஏற்கவே ஏற்காது. முதலில் எந்த வண்டியில் விழுந்ததோ அங்கேயே லோடு மாட்டிக்கொள்ளும். இதற்கு நல்ல மாற்று உண்டு. பைத்தானில் சொந்தமாகவே அனீலிங் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மாறியைத் திருப்பாமல், ஒரு லோடை நேராக அடுத்த வண்டிக்கு மாற்றுவது, ரெண்டு லோடுகளை இடம் மாற்றிக்கொள்வது என்று அடிகளை எழுதினால் விதி ஒருபோதும் உடையாது. அந்த அபராதமே தேவைப்படாது. நான் தினமும் ஓட்டுவது இதைத்தான்.

சரி, க்வாண்டம் எங்கே என்று கேட்பீர்கள். 1998-ல் ஜப்பானில் கடோவாகியும் நிஷிமோரியும், வெப்பத்தால் குலுக்குவதற்குப் பதிலாக க்வாண்டம் ஊசலாட்டத்தால் குலுக்கினால் என்ன என்று கேட்டார்கள். உயரமான, ஆனால் மெல்லிய தடுப்பை ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போகலாம் என்பது அதன் பலம். அதைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்ய, ஒரே கணக்கின் பல நகல்களை வரிசையாக அடுக்கி, பக்கத்து நகல்கள் ஒன்றையொன்று இழுக்கும்படி வைத்து ஓட்டுவார்கள். ஓப்பன்ஜிஜ் என்ற இலவசத் தொகுப்பில் இது இருக்கிறது. அதே எண்களை அப்படியே கொடுத்துப் பார்க்கலாம். 2019-ல் தோஷிபாவின் ஹயாட்டோ கோட்டோ குழு வெளியிட்ட முறை இன்னொரு தினுசு. ஒவ்வொரு மாறியும் ஓர் அசையும் துகள், எல்லாத் துகள்களும் ஒரே நேரத்தில் நகரும். கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறவர்களுக்கும், ஆயிரக்கணக்கில் மாறிகள் உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. ஃபியூஜிட்சு இதற்கென்றே டிஜிட்டல் அனீலர் என்ற சில்லு செய்து 2018-ல் சேவையாகவும் கொடுத்தது.

அசல் க்வாண்டம் அனீலர், அதாவது க்வாண்டம் ஊசலாட்டத்தாலேயே குலுக்கும் இயந்திரம், வந்துதான் இதையெல்லாம் தொடணும் என்று கல்லூரிப் பிள்ளைகள் சிலர் காத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய க்வாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியதிலிருந்து அந்த ஆர்வம் கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் 2020-ல் வந்த டி-வேவ் அட்வான்டேஜ் இயந்திரத்தில் 5,000-க்கு மேல் க்யூபிட் (க்வாண்டம் கணினியின் அடிப்படை அலகு) இருந்தும், ஒரு க்யூபிட் 15 க்யூபிட்டுகளோடுதான் நேரடியாக இணையும். நம் லோடுக் கணக்கில் ஒரு வண்டிக்குள் எல்லா லோடும் எல்லா லோடோடும் இணைந்திருக்கிறது. அதை அங்கே ஏற்ற ஒரு மாறிக்குப் பல க்யூபிட்டுகளைச் செலவழிக்கணும். இன்றைக்கு லேப்டாப்பில் க்யூபோ எழுதப் பழகுங்கள். நாளைக்கு எந்த அனீலர் வந்தாலும் அதே எண்களைத்தான் அதுவும் கேட்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பது

விடை வந்ததும் மூன்றோடு ஒப்பிடுங்கள். அண்ணன் கையால் போட்ட பிரிவு. பெரிய லோடிலிருந்து ஆரம்பித்து இடம் இருக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டே போகும் எளிய முறை. அப்புறம் ஓஆர்-டூல்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரே செலவுச் சூத்திரம், ஒரே நேரக் கெடு. ஓஆர்-டூல்ஸ் உங்கள் கணக்கை முழுசாகத் தீர்த்து, இதுதான் இருப்பதிலேயே சிறந்த விடை என்று நிரூபித்தும் கொடுத்துவிட்டால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அனீலிங் அந்த நிரூபணத்தைத் தராது. க்வாண்டம் பெயரைச் சொல்லி மென்பொருள் விற்க யாராவது வந்தாலும் இதே ஒப்பீட்டை உங்கள் சொந்தப் பட்டியலில் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

வந்த விடையில் ஒவ்வொரு லோடும் ஒரு வண்டியில் இருக்கிறதா, கொள்ளளவு மீறியதா என்று தனியாக ஒரு சின்ன நிரல் எழுதிச் சோதித்துவிட்டுத்தான் பிரிண்ட் எடுக்கணும். செலவு எண் குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து வண்டியைக் கிளப்பக் கூடாது.

அப்புறம், பகலில் பட்டியல் மாறும். பதினோரு மணிக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து போன் வரும், இன்னும் 3 டன் இருக்கிறது என்று. முழுக் கணக்கையும் முதலிலிருந்து ஓட்டினால் ஏற்கெனவே ஓட்டுநர்களிடம் சொன்னதெல்லாம் தலைகீழாகிவிடும். கிளம்பிவிட்ட வண்டிகளின் மாறிகளைக் காலை விடையில் இருந்தபடியே பூட்டிவிடுங்கள். மிச்ச மாறிகளுக்குக் காலை விடையையே தொடக்கமாகக் கொடுங்கள். தொடக்க வெப்பத்தைக் காலையில் வைத்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். காலையில் சொன்ன வண்டியிலிருந்து ஒரு லோடு மாறினால் அதற்கும் ஒரு சின்னச் செலவு வையுங்கள். புது லோடுக்கு இடம் கிடைக்கும், மற்றவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் போன் செய்தால் போதும்.